பயணச்சீட்டு வாங்கி ரயில் நிறுத்தத்தைக் காக்கும் கிராமங்கள்: சிற்றூர் நிலையங்கள் ஏன் முக்கியம்?

ராஜஸ்தான் மாநிலம் நாகௌர் மாவட்டத்தில் உள்ள ஜால்சு நானக் ரயில் நிறுத்தத்தை அந்தக் கிராம மக்களே நடத்தி வருகின்றனர். ராணுவ வீரர்கள் பலரைத் தந்த இந்த ஊருக்காக 1976-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுத்தத்தை, வருவாய் குறைவு என்ற காரணத்தால் 2005-ஆம் ஆண்டு மூடுவதற்கு முடிவு செய்யப்பட்டது. இதை எதிர்த்துக் கிராம மக்கள் போராட்டத்தில் ஈடுபட்டனர்.

மாதத்துக்கு 1,500 பயணச்சீட்டுகள், அதாவது நாளொன்றுக்கு 50 சீட்டுகள் விற்பனையானால் நிறுத்தம் நீடிக்கலாம் என ரயில்வே நிபந்தனை விதித்தது. இதையடுத்து ஊர் மக்கள் ரூ.1.5 லட்சம் நிதி திரட்டி, பயணச்சீட்டுகளை மொத்தமாக வாங்கினர். அவற்றை விற்கும் பொறுப்பையும் தாங்களே ஏற்றுக்கொண்டனர்.

'ஹால்ட்' நிலையம் என்றால் என்ன?

நாட்டில் 7,000-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியவை 'ஹால்ட்' எனப்படும் நிறுத்தங்கள். இவற்றில் பலவற்றில் நிலைய அதிகாரி இருப்பதில்லை. உள்ளூர் முகவர் ஒருவர் அருகிலுள்ள நிலையத்திலிருந்து பயணச்சீட்டுகளைப் பெற்று விற்பனை செய்கிறார். அதற்காக அவருக்குத் தரகுத்தொகை வழங்கப்படுகிறது.

ஒரு நிறுத்தத்தின் பயன்பாடு பெரும்பாலும் அங்கு விற்பனையாகும் சீட்டுகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பயணச்சீட்டு இன்றி ஏறுவோர் இந்தக் கணக்கில் வருவதில்லை. எனவே, கூட்டம் நிரம்பி வழியும் நிறுத்தமும் ஏட்டில் வெறிச்சோடியதாகத் தோன்றக்கூடும்.

தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் உள்ள நெக்கொண்டாவிலும் இதே நிலை ஏற்பட்டது. விரைவு ரயில் நின்று செல்வது தொடர வேண்டும் என்பதற்காக, பயணம் செய்யாவிட்டாலும் அவ்வூர் மக்கள் நாள்தோறும் சீட்டுகளை வாங்கியது 2024-ஆம் ஆண்டு நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

பயணத்துக்கு அப்பால்

சிற்றூர்களில் ரயில் நிலையம் பயணத்துக்கான இடம் மட்டுமல்ல. பீகாரின் சசாராம் நிலையத்தில், போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள் நடைமேடை விளக்குகளின் கீழ் குழுவாக அமர்ந்து படிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக அறியப்பட்டது. வீடுகளில் மின்வெட்டு இருந்த காலத்திலும் நிலையத்தில் விளக்கு எரிந்ததே இதற்குக் காரணம்.

1991-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' மருத்துவமனை ரயில், தொலைதூர ஊர்களின் நிலையங்களில் வாரக்கணக்கில் நின்று, கண்புரை, உதட்டுப் பிளவு உள்ளிட்ட குறைபாடுகளுக்கு இலவச அறுவை சிகிச்சை வழங்குகிறது. உள்ளூர்க் கைவினைஞர்கள் தங்கள் பொருள்களை நிலையங்களில் விற்க வழிசெய்யும் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டம் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

ரயில் நிற்காவிட்டால்?

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் உள்ள பேகுன்கோடர் நிலையம், பேய் நடமாட்டம் என்ற வதந்தியால் 1967-ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. மக்களின் தொடர் கோரிக்கைக்குப் பிறகு 2009-ஆம் ஆண்டுதான் அங்கு மீண்டும் ரயில்கள் நிற்கத் தொடங்கின. இடைப்பட்ட 42 ஆண்டுகள், தண்டவாளம் ஊர் வழியே சென்றும் ரயில் வசதி அவ்வூருக்குக் கிட்டவில்லை.

கரோனா பரவலுக்குப் பின் சாதாரண பயணிகள் ரயில்கள் விரைவு ரயில்களாக இயக்கப்பட்டபோது, குறைந்தபட்சக் கட்டணம் ரூ.10-லிருந்து ரூ.30-ஆக உயர்ந்தது. தினக்கூலித் தொழிலாளர்களையும் காய்கறி, பால் விற்போரையும் பாதித்த இந்த உயர்வு, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

தற்போது 'அமிருத பாரத நிலையங்கள்' திட்டத்தின் கீழ் 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் மேம்படுத்தப்பட்டு வருகின்றன. எனினும், ஜால்சு நானக் போன்ற சிறு நிறுத்தங்களை நம்பியிருக்கும் மக்களின் முதன்மைத் தேவை, அங்கு ரயில் தொடர்ந்து நின்று செல்ல வேண்டும் என்பதே. அதற்கு அவர்கள் கையில் உள்ள வழி, ஒவ்வொரு பயணத்துக்கும் சீட்டு வாங்குவதே ஆகும்.