கோதுமை வேரும் அசோஸ்பைரில்லமும்

கோதுமை, பயறு வகைகளைப் போல வேரில் முடிச்சுகளை உண்டாக்கி அவற்றுள் நுண்ணுயிர்களுக்கு இடமளிக்கும் பயிர் அன்று. ஆயினும், அதன் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில், வேர் கசியவிடும் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் உண்டு வாழும் பாக்டீரியாக்கள், சற்றுத் தள்ளியுள்ள மண்ணில் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்துள்ளன. வேர்மண்டலம் எனப்படும் இப்பகுதிக்கு 1904ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர். அங்கு வாழ்ந்து கோதுமைக்கு நன்மை செய்பவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது, தமிழக நெல் உழவர்கள் விதைநேர்த்திக்கு வாங்கும் அதே அசோஸ்பைரில்லம்தான்.

நெதர்லாந்து அறிஞர் பெயரிங்க் 1925இல் விவரித்த இந்த நுண்ணுயிர், பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1970களில் பிரேசிலில் அதை மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் யோஹானா டோபரைனர். நைட்ரஜன் உப்பு எதுவும் சேர்க்காத, கூழ்போல் இளகிய ஊடகத்தைச் சிறு குப்பிகளில் நிரப்பி அதில் வேர்த்துண்டை இட்டால், சில நாள்களில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெண்ணிற ஏடு ஒன்று படரும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் நைட்ரஜனேஸ் என்னும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் செயலிழந்துவிடும் என்பதால், மூச்சுக்குப் போதுமான, ஆனால் நொதியைக் கெடுக்காத அளவு ஆக்சிஜன் உள்ள ஆழத்தை பாக்டீரியா தானே தேடிச் சென்று அங்குத் திரள்வதே அந்த ஏடு. எளிய பொருள்களைக் கொண்டு இத்தனை நுட்பமான தேர்வை வடிவமைத்த அவரது அறிவாற்றல் வியந்து போற்றத்தக்கது.

காற்றிலிருந்து தழைச்சத்தைப் பெற்றுத் தருவதாலேயே கோதுமை செழிக்கிறது என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. ஆனால், அவ்வழியில் பயிருக்குச் சேரும் நைட்ரஜன் பெரும்பாலும் சொற்பமே என்பது பின்னர் புலனாயிற்று. உண்மையான உதவி வேறோர் இடத்தில் இருந்தது: இந்த பாக்டீரியா, செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ஆக்சின் என்னும் வளரூக்கியைத் தானே உருவாக்கி வெளியிடுகிறது, அதனால் பக்க வேர்களும், நீரையும் உப்புகளையும் உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. அந்த வளரூக்கியை உருவாக்கும் மரபணு சிதைக்கப்பட்ட வகைகளை இட்டுச் சோதித்தபோது, கோதுமை வேரில் காணப்படும் அம்மாற்றங்கள் பெரிதும் குறைந்துபோயின. எனினும் பாக்டீரியா மிகுந்தால் விளைச்சலும் மிகும் என்று கொள்வது பிழை; விதையில் அதன் எண்ணிக்கை அளவு மீறினால் வேர் நீள்வது தடைப்படுகிறது.

பல நாடுகளில் நடந்த வயல் சோதனைகளைத் தொகுத்து 1994இல் வெளியிடப்பட்ட மதிப்பீடு, அவற்றுள் 60 முதல் 70 விழுக்காடு வெற்றி பெற்றதாகவும், விளைச்சல் 5 முதல் 30 விழுக்காடு வரை கூடியதாகவும் தெரிவிக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு சோதனை பயன் தரவில்லை என்பதை உழவர்களிடம் மறைக்காமல் சொல்வதே நேர்மையாகும். உரத்தை அறவே கைவிடலாம் என்ற வாக்குறுதிக்கு இந்த முடிவுகள் இடம் தரவில்லை. மண்ணின் தன்மை, ஈரம், பயிரின் இரகம், அங்கு முன்பே வாழும் நுண்ணுயிர்களின் போட்டி ஆகியவற்றுடன், பொட்டலத்தில் உள்ள பாக்டீரியா உயிருடன் இருக்கிறதா என்பதும் பலனைத் தீர்மானிக்கிறது. வெயிலில் வைத்த பொட்டலத்திலும் காலாவதியானதிலும் அவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுவதால், குளிர்ந்த நிழலில் பாதுகாத்து, விதையுடன் கலந்த பின் நிழலிலேயே உலர்த்தி, தாமதமின்றி விதைக்க வேண்டும்.