தோள்மூட்டு மாற்றிய பிறகு: வலி குறையும்போது கூட வேண்டிய கவனம்

முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். தோள்மூட்டு மாற்றியவரைப் பலர் பார்த்தே இருக்கமாட்டார்கள். அதனால் வீடு திரும்பும் நோயாளிக்கு, முழங்காலுக்குச் சொல்லும் யோசனையையே அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்: "சும்மா வச்சிருந்தா இறுகிடும், நல்லா ஆட்டுங்க." முழங்காலுக்கு அது பொருந்தும். தோளுக்கு முதல் ஆறு வாரங்களில் அது ஆபத்து.

தோளைத் தாங்கிப் பிடிப்பவை பெரும்பாலும் தசைகளும் தசைநார்களும்தான். மூட்டை அடைவதற்காக முன்பக்கத் தசைநாரை அறுத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பத் தைப்பதே வழக்கமான முறை. தையல் எலும்போடு பிடிக்க ஆறு வாரம் ஆகும். உறுதிப்பட மூன்று மாதமாவது வேண்டும். வலியோ இரண்டு மூன்று வாரத்திலேயே பலருக்கு வெகுவாகக் குறைந்துவிடும். இந்த இடைவெளியில்தான் தையல் பிரிகிறது, மூட்டு நழுவுகிறது.

முதல் இரவு

அறுவைக்கு முன் கழுத்தோரம் மரப்பு ஊசி போடுவார்கள். கை முழுவதும் மரத்துக் கிடக்கும். அந்தப் பக்கத்து இமை சற்றுத் தொங்கலாம், குரல் கம்மலாம். மருந்தின் வேகம் தணிந்ததும் சரியாகிவிடும். மூச்சுத் திணறினால் மட்டும் உடனே சொல்லுங்கள். மரப்பு பெரும்பாலும் ஒரு நாளுக்குள், பல சமயம் நடுராத்திரியில் விலகும். அப்போது வலி ஒரேயடியாக ஏறும். எனவே, விரல்களில் குறுகுறுப்பு தெரியும்போதே, வலிக்குக் காத்திருக்காமல், மருத்துவர் எழுதிய மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். முதல் சில நாட்கள் நேரம் தவறாமல் போடுவதே நல்லது. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து தேவைப்படும்.

"வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. சில வகை மாத்திரைகளைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானதுதான். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு மருந்து தருவார். இன்னொன்று: டிரமடால் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்தே இருக்கும். அது தெரியாமல் தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் அளவு மிஞ்சும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம். வயோதிகர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு. டிரமடால் தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் தரும். இரவில் கழிவறைக்குத் தனியே எழுந்து போக விடாதீர்கள்.

தூக்கம்

மட்டமாகப் படுத்தால் தோள் பின்னுக்குச் சரிந்து இழுக்கும். சாய்வு நாற்காலியிலோ, முதுகுக்குத் தலையணை அடுக்கியோ, அரைவாசி சாய்ந்தபடி தூங்குவதுதான் பலருக்கும் ஒத்துவரும். முழங்கைக்கு அடியிலும் ஒரு தலையணை வேண்டும். சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்க எளிய வழி: சாய்ந்தபடியே குனிந்து பார்த்தால் உங்கள் முழங்கை உங்கள் கண்ணில் பட வேண்டும். படவில்லையென்றால் கை உடம்புக்குப் பின்னே போய்விட்டது.

கை பின்னே போகக்கூடாது

பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றிப் பொருத்தும் 'ரிவர்ஸ்' வகை மூட்டுக்கு இது மிக முக்கியம். முதுகுக்குப் பின்னால் கையைத் திருப்பும்போதுதான் அது நழுவ வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் பொருத்தியது எந்த வகை என்று வீட்டுக்குக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டில் கை பின்னே போகும் வேலைகள் எத்தனை! சட்டையைப் பின்பக்கம் செருகுவது, உள்ளாடைக் கொக்கி மாட்டுவது. இடது தோளில் அறுவை என்றால் கழிவறையில் கால் கழுவுவதும் அதில் சேரும். இதைச் சொல்ல மருத்துவரும் கூசுவார், கேட்க நோயாளியும் கூசுவார். அறுவைக்கு முன்பே வலது கையால் பழகிக்கொள்ளலாம். முன்பக்கம் திறக்கும் உடையே நல்லது. போடும்போது அறுவை செய்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். அக்குளைக் கழுவ, முன்னால் குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் இடைவெளி தானாகக் கிடைக்கும்.

தரையில் உள்ளங்கையை ஊன்றி எழுவதும், குடம் தூக்குவதும், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பதும் கூடாது. வலி விடும் என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட யாராவது வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

பயிற்சி

விரல், மணிக்கட்டு, முழங்கை இவற்றுக்கான அசைவுகள் பெரும்பாலும் முதல் நாளே தொடங்கிவிடும். தோளுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவு மட்டுமே. பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம். பயிற்சியால் வந்த வலி ஓரிரு மணி நேரத்தில் அடங்கினால் கவலையில்லை. ராத்திரி முழுக்க நீடித்தால் அன்று அதிகம் செய்துவிட்டீர்கள். கனம் தூக்கும் பயிற்சிகள் ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகே. முழுப் பலன் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம்.

எப்போது ஓட வேண்டும்

காய்ச்சல், புண்ணில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சுவலி, திடீரென்று சுள்ளென்ற வலியோடு தோளின் வடிவம் மாறுவது: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோளுக்கே உரிய ஒரு தொற்றும் உண்டு. முகப்பருவோடு தொடர்புடைய கியூட்டிபாக்டீரியம் என்ற கிருமி தோள் பகுதித் தோலில் சாதாரணமாகவே குடியிருக்கிறது. அது மூட்டுக்குள் புகுந்தால் பெரும்பாலும் காய்ச்சலும் வராது, சீழும் தெரியாது. குறைந்திருந்த வலி மாதங்கள் கழித்துத் திரும்பும், தோள் இறுகும். பல சமயம் அவ்வளவுதான் அறிகுறி. அப்போது கடையில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டாலும், வலி தொடர்ந்தால் மறுபடி போங்கள்.