உதவிப்பணமும் உழைப்பூதியமும்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தென்னக்கும்புரவில் மகாவலி கங்கையைக் கடந்து, குண்டசாலை வழியாகத் திகனையை அடைகிறது. ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தூரமுள்ள இவ்வழியில் பல்லேகலையிலே முதலீட்டுச் சபையின் கைத்தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. அதற்கும் அப்பால், திகனையில், அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை உள்ளது. கித்துல் மரத்திலிருந்தோ மிளகுக் கொடி படர்ந்த மரத்திலிருந்தோ விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலற்றவர் முதலியோர் இத்தகைய வைத்தியசாலைகளிலேதான் எழுந்து உட்காரவும், சக்கர நாற்காலியைச் செலுத்தவும் மீண்டும் பழகுகின்றனர்.

வைத்தியசாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே உள்ளவை சில கிலோமீற்றர்களே. ஆயினும் அங்கே தேறிய ஒருவர் இங்கே வேலைக்கு வந்து சேர்வது எளிதன்று. பலர் வந்து சேர்வதேயில்லை. அதன் காரணத்தை ஆராய்வது நம் எல்லோர்க்கும் கடமையாகும். ஏனெனில் இக்குறை யாருடைய வீட்டு வாயிலையும் எந்நாளிலும் தட்டக்கூடியது.

2012-ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்வை, செவிப்புலன், நடை முதலிய ஏதாவதொன்றில் இடர்ப்பாடு உடையவர்கள். அவர்களுள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் தொழிற்படையில் சேராதவர்கள். முதியோர் பலரும் இக்கணக்கில் அடங்குவர் என்பது உண்மையே. ஆனால் உழைக்கும் வயதும் விருப்பமும் இருந்தும் வீட்டிலேயே அடைபட்டுக் கிடப்போர் தொகையும் சிறிதன்று.

ஒரு குடும்பத்தின் கணக்கு

வறிய குடும்பங்களைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு அளிக்கிறது. ரூபா 7,500 ஆக இருந்த அத்தொகையை 2025-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் ரூபா 10,000 ஆக உயர்த்தியது. தனியார் துறையில் சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளமோ 2026 ஜனவரி முதல் ரூபா 30,000 ஆகும். முப்பதாயிரம் எங்கே, பத்தாயிரம் எங்கே! வேலைக்குப் போவதில் தயக்கம் ஏன் என்று கேட்கத் தோன்றும்.

கண்டி மலைச் சரிவில் வாழும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு வரப் படிகள்; அங்கே நிற்கும் பஸ்ஸுக்கும் படிகள். சக்கர நாற்காலியுடன் அவன் முச்சக்கர வண்டியிலேதான் போய்வர வேண்டும். போக்குவரத்துக்கு நாளொன்றுக்கு ரூபா 500 என்று வைத்துக்கொள்வோம். 25 நாட்களுக்கு ரூபா 12,500 கழிந்தால் கையில் மிஞ்சுவது ரூபா 17,500. வருமானம் வந்துவிட்டதென்று உதவிப்பணமும் நிற்குமானால், மாதம் முழுவதும் உழைத்ததன் உண்மையான இலாபம் ரூபா 7,500 மட்டுமே. மூன்று மாதத்தில் வேலை போய்விட்டால்? இழந்த உதவிப்பணத்தைத் திரும்பப் பெற, விண்ணப்பம், வைத்தியச் சான்றிதழ், பிரதேச செயலகம் என மீண்டும் அலைய வேண்டுமே என்று தாய் அஞ்சுகிறாள். “இருப்பதும் போய்விடக் கூடாது, மகனே, வீட்டிலேயே இரு” என்கிறாள்.

இதைச் சோம்பல் என்று எவரும் இகழ வேண்டாம். அது வறுமை கற்றுக்கொடுத்த எச்சரிக்கை. உதவிப்பணம் திடீரென அறுந்துபோகும் கயிறாக இல்லாமல், வேலை நிலைபெறும் வரையில் தாங்கி நிற்கும் பாலமாக இருந்தால் மட்டுமே அந்தத் தாய் மகனை மனமுவந்து அனுப்புவாள். வேலைக்குச் சேர்ந்த முதலாண்டிலேனும் உதவி தொடரும் என்றும், வேலை போனால் மறு விண்ணப்பமின்றியே திரும்பக் கிடைக்கும் என்றும் உறுதியளிப்பது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவாகாது. அவ்வுறுதி திறக்கும் கதவுகளோ பல.

சட்டம் இருந்தும்

அரசாங்க உத்தியோக வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டிலேயே பொது நிருவாகச் சுற்றறிக்கை ஒன்று பணித்தது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், குறைபாடு காரணமாக ஒருவரை வேலையிலோ கல்வி நிலையத்திலோ சேர்க்க மறுப்பதைத் தடை செய்தது. பொதுக் கட்டடங்களில் சாய்வு வழி முதலிய வசதிகள் வேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் 2006-இல் வெளிவந்தன. புதிய பொதுக் கட்டடங்களில் அவற்றைக் கடைப்பிடிக்குமாறு 2011-இல் உயர் நீதிமன்றமும் ஆணையிட்டது.

ஆனால் விகிதம் வகுப்பதால் மட்டும் வேலை வந்துவிடுவதில்லை என்பதற்கு இங்கிலாந்தே சான்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஊனமுற்று மீண்ட வீரர்களை எண்ணி, 1944-இல் அந்நாடு இயற்றிய சட்டமும், 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கு மூன்று இடம் தரவேண்டும் என்றே விதித்தது. அரைநூற்றாண்டு காலம் அது ஏட்டில் இருந்தது. மீறியோர்மீது தொடரப்பட்ட வழக்குகளோ மிகச் சிலவே. 1995-இல் வந்த புதிய சட்டம் அதனை நீக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அங்கு தோன்றிய ‘ரெம்ப்ளோய்’ தொழிற்சாலைகளுள் முதலாவது 1946-இல் திறக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டளவில் அவையும் மூடப்பட்டன.

முதலில் வேலை, பின்னர் பயிற்சி

முன்னாளில் “முதலில் பயிற்சி, பிறகு வேலை” என்பதே எங்கும் வழக்கு. பயிற்சியின் பயனை மறுப்பதற்கில்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள வத்துகாமத்தில் சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி நிலையமொன்றை நடத்துகிறது. ஆயினும் பயிற்சி முடித்தவர் சான்றிதழுடன் வீடு திரும்பி, வேலையின்றிக் காத்திருப்பதும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் 1990-களில் வளர்ந்த ஒரு முறை இவ்வரிசையை மாற்றியது. அது கடும் மனநோயாளர்களுக்கென வகுக்கப்பட்டது. விரும்பிய வேலையில் முதலில் சேர்த்துவிட்டு, துணையாளர் ஒருவர் உடனிருந்து அந்த இடத்திலேயே பழக்கினார். முதலாளியின் ஐயங்களையும் அவரே தீர்த்துவைத்தார். பழைய முறையினும் இம்முறையில் ஏறத்தாழ இருமடங்கினர் வேலை பெற்றதைப் பல ஆய்வுகள் காட்டின.

தேவைப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் சிறியவையே. தையல் இயந்திரத்தைக் காலால் அழுத்தி இயக்கும் விசையைக் கைக்கு மாற்றலாம். மேசையைச் சற்றே உயர்த்தினால் சக்கர நாற்காலி உள்ளே நுழையும். காது கேளாதவருக்கு மணியோசைக்குப் பதிலாக விளக்கு ஒளிரலாம். கணினித் திரையில் உள்ளதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துக் காட்டும் மென்பொருள்கள், பார்வையற்றோர்க்கு அலுவலகக் கதவைத் திறந்துவிட்டன.

தமிழகத்தில் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைப் பாருங்கள். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார் இராமகிருஷ்ணன் என்னும் பொறியியல் மாணவர். ஆறாண்டுகள் கழித்து, 1981-இல், அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் ஆயிரக்கணக்கானோர்க்கு மருத்துவமும் கல்வியும் தொழிலும் அளித்து வளர்ந்தது. 2020-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. உதவி பெறுபவர் என்று உலகம் கருதிய ஒருவரே பலருக்கு வேலை தருபவரானார்.

நாம் செய்யக்கூடியது

தொழில் நடத்துவோர், ‘பரிதாபம்’ என்று ஓர் இடம் தருவதைவிட, தம் வேலைகளுள் எதனை எவர் செய்யலாம் என்று எண்ணிப் பார்த்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நன்று. இலங்கை முதலாளிமார் சம்மேளனம் இதற்கென 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு வலையமைப்பைத் தோற்றுவித்தது. பெற்றோரே, பிள்ளையைக் காப்பது வேறு, அடைத்து வைப்பது வேறு. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, வேலைக்குப் போனால் கொடுப்பனவுக்கு என்னவாகும் என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். அச்சத்தில் பாதி அறியாமையால் வருவது. மாணவரே, நாளை நீங்கள் பொறியியலாளராகவோ முகாமையாளராகவோ வருவீர்கள். அன்று நீங்கள் வரையும் கட்டடத்தின் வாயிலில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு வழியையும் வரையுங்கள்.

முதல் மாதச் சம்பளத்தை வாங்கிவந்து தாயின் கையில் கொடுக்கும் பேறு, நடக்க முடியாத மகனுக்கும் உரியதே. திகனைக்கும் பல்லேகலைக்கும் இடையே உள்ள அந்தச் சிறு தூரத்தை அவன் கடப்பதற்கு நாம் எல்லோரும் துணை நிற்போமாக.