இல்லாத கையில் எழுந்த குளிர்ச்சி

மண் கூஜாவைத் தொட்டவுடனே உள்ளிருக்கும் நீரின் குளுமையை விரல் அறிந்துகொள்கிறது. விபத்திலோ யுத்தத்திலோ கையை இழந்தவருக்கு இந்த எளிய சுகமும் இல்லாமற் போகிறது. செயற்கைக் கை பொருளைப் பற்றும், தூக்கும். குளிரையும் சூட்டையும் உணராது. இக்குறையைப் போக்க ஒரு சின்னஞ்சிறு சாதனம் தோன்றியிருப்பதை நேயர்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.

இதன் வரலாறு பழமையானது. கடிகாரத் தொழிலை விட்டு விஞ்ஞானத்தில் ஈடுபட்ட பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர், 1834-ம் வருஷத்தில் ஒரு விந்தையைக் கண்டார். இருவேறு உலோகங்கள் கூடுமிடத்தில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் அவ்விடம் குளிர்கிறது. திசையை மாற்றினால் சுடுகிறது. 1838-ல் ருஷ்யாவில் லென்ஸ் என்பவர், பிஸ்மத்தும் ஆண்டிமனியும் சேருமிடத்தில் ஒரு துளி நீரை உறைய வைத்தார். மின்சாரத்தைத் திருப்பி அதையே உருக்கியும் காட்டினார். சக்கரமில்லை, வாயுவில்லை, ஓசையுமில்லை!

எனினும் ஒரு தடை இருந்தது. மின்சாரம் வாரிச் சென்ற உஷ்ணம், அப்பொருளின் வழியாகவே திரும்பக் கசிந்துவிடும். மின்சாரத்துக்கு வழிவிட்டு உஷ்ணத்தை மறிக்கும் பொருளுக்கு எங்கே போவது? சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற ராமா வெங்கடசுப்பிரமணியனும் அவருடைய சகாக்களும் 2001-ல் ஒரு வழி கண்டார்கள். மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய ஏடுகளாக இருவகைப் பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். மின்சாரம் அவற்றைக் கடந்து சென்றது. உஷ்ணம் தடுமாறி நின்றது.

அவ்வழியில் வளர்ந்த சாதனத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தினர் 2023-ல் வெளியிட்டனர். அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், எடை 0.05 கிராம்தான். கை போன பின்பும், விரல்களுக்குச் சென்ற நரம்புகள் எஞ்சிய புயத்தில் உயிரோடிருக்கின்றன. அங்கே தோலின் சில இடங்களைத் தொட்டால், இழந்த விரலையே தொட்டதுபோல் தோன்றும். அவ்விடங்களில் இச்சாதனத்தை வைத்துக் குளிரூட்டினார்கள். பரிசோதனைக்கு வந்த அனைவரும் இல்லாத கையில் குளிர்ச்சியை உணர்ந்தனர்! பழைய முறைச் சாதனத்தால் பாதிப் பேரே உணர்ந்தார்கள். புதியது எட்டு மடங்கு விரைவாக வேலை செய்தது. சக்தியும் பாதியே செலவாயிற்று.

கைக்குழந்தையின் பால் ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டறிவது தாய்க்குச் சிறு காரியம். கையிழந்த தாய்க்கோ அது பெரும் பாக்கியம். ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த இவ்வற்புதம், ஏழை எளியவரின் செயற்கைக் கைக்கும் எட்டும் நாளே அதன் நன்னாள் என்பது நமது எண்ணம்.