துணையிருத்தலே செபம்: நோயுற்ற நாள்களில் இறைப்பிரசன்னத்தை உணர்தல்

மருத்துவமனையில் பல நாள்கள் தங்க நேர்ந்த கிறிஸ்தவ விசுவாசிகள் பலருக்கு, உடலின் வலியோடு மற்றொரு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் நாள்தோறும் செபமாலை முழுவதையும் சொல்லிவந்தவர்களால் இங்கே ஒரு மறையுண்மையைக்கூட முடிக்க இயலுவதில்லை. விவிலியத்தைத் திறந்தால் எழுத்துகள் கலங்குகின்றன. வலியைக் குறைக்கும் மருந்து உறக்கத்தை வரவழைக்கிறது. கண் அயரும் வேளையில் இரத்த அழுத்தம் பார்க்கச் செவிலியர் வருகிறார். 'கடவுள் மிகவும் தேவைப்படும் இந்நேரத்தில் அவரோடு பேசக்கூட முடியவில்லையே, அவரும் என்னை விட்டு விலகிவிட்டாரோ' என்ற எண்ணம் இரவில் எழுகிறது. இதனை வெளியே சொல்லத் தயங்குவோரே மிகுதி.

இவ்வருத்தத்திற்குக் கிறிஸ்தவ மரபிலேயே பழமையான மறுமொழி ஒன்று உண்டு. ஆழ்நிலைச் செபம் என்று அதனைச் சொல்வர். அதன் பொருளையும், கட்டிலில் இருப்பவரும் கட்டிலருகே இருப்பவரும் அதனைக் கடைப்பிடிக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆழ்நிலைச் செபம் என்பது என்ன?

சொற்களைக் கொண்டு வேண்டுவது வாய்ச்செபம். இறைவார்த்தையை மனத்தில் வைத்து எண்ணிப் பார்ப்பது தியானம். சொற்களும் எண்ணங்களும் அடங்கிய நிலையில், இறைவனின் திருமுன் அன்போடு வெறுமனே இருப்பது ஆழ்நிலைச் செபம்.

நம் வார்டுகளில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். நோயாளியின் அருகே துணைக்கு வந்தவர் அமர்ந்திருக்கிறார். ஒரு மணி நேரமாக இருவரும் ஏதும் பேசவில்லை. நோயாளி கண்மூடிக் கிடக்கிறார். ஆயினும் துணை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். எழுந்து வெளியே சென்றால் உடனே உணர்ந்துகொள்வார். அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று எவரும் கூறமாட்டார். ஆழ்நிலைச் செபமும் இத்தகைய துணையிருத்தலே. இறைவன் நமக்குத் துணையிருக்கிறார். அதனை அறிந்தவர்களாக நாம் அவரோடு இருக்கிறோம். இதற்குப் பேச்சு வேண்டியதில்லை, பெருவலிமையும் வேண்டியதில்லை.

விவிலியத்தில் அரசர் முதல் நூல் 19ஆம் அதிகாரம் இறைவாக்கினர் எலியாவைப் பற்றிக் கூறுகிறது. சாவே மேல் என்னும் அளவுக்குச் சோர்ந்து பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்துவிட்டார் அவர். வானதூதர் முதலில் அவருக்கு அறிவுரை ஏதும் கூறவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே பயணம் தொடர்ந்தது. மலைக் குகையில் எலியா இறைவனை உணர்ந்தது பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ நெருப்பிலோ அன்று. அவற்றிற்குப் பின் வந்த மெல்லிய அமைதியில்தான். களைத்தவருக்கு உணவும் உறக்கமுமே முதற்கண் இறைவனின் கொடை என்பது நோயுற்றோர் நினைவில் கொள்ளத்தக்க பாடம்.

திருவண்ணாமலையில் காய்ச்சலுற்ற துறவி

இம்மரபுக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பிரான்சு நாட்டில் 1910இல் பிறந்தவர் ஹென்றி லெ சோ. புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான அவர் 1948இல் தமிழகம் வந்தார்; பின்னர் சுவாமி அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்றார். அவரும், குளித்தலையில் பணியாற்றிய அருட்தந்தை ஜூல் மோன்சனினும் 1949 ஜனவரியில் ஸ்ரீ ரமண மகரிஷியைக் காணத் திருவண்ணாமலைக்கு வந்தனர்.

பெரும் எதிர்பார்ப்போடு வந்தவருக்குத் தொடக்கத்தில் ஏமாற்றமே மிஞ்சியது. எதிரே அமர்ந்திருந்தவர் ஓர் எளிய முதியவராகவே தென்பட்டார். அதற்குள் அவரைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. அந்தக் காய்ச்சலின் நடுவே, தாம் கற்ற கருத்துகளால் தடுத்து நிறுத்த முடியாத ஓர் ஆழத்தில் அம்முதியவரின் அமைதி தம்மைத் தொட்டதைப் பிற்காலத்தில் எழுதினார். நலமாக இருந்தபோது முயன்று தேடியது, நோயுற்றுச் சோர்ந்தபோது தானாக அவரை வந்தடைந்தது. அதே ஆண்டில் மகரிஷியும் இடக்கையில் தோன்றிய கட்டிக்காகப் பலமுறை அறுவைச் சிகிச்சை பெற்றார். 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

1950 மார்ச் மாதத்தில் அபிஷிக்தானந்தரும் மோன்சனினும் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்று அழைக்கப்படும் அந்த ஆசிரமம் இன்றும் உள்ளது. 1952 முதல் சில ஆண்டுகள் அபிஷிக்தானந்தர் பலமுறை அருணாசல மலைக்கு வந்து, அதன் குகைகளில் மௌனமாகத் தங்கினார். இங்கு கண்ட அத்வைத அனுபவத்தையும் தம் கிறிஸ்தவ விசுவாசத்தையும் இணைத்துப் பார்ப்பதில் அவருக்கு நீண்ட காலம் உள்ளப் போராட்டம் இருந்தது.

1973 ஜூலையில் ரிஷிகேசத்தில், தெருவில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அதன் பின் ஏறத்தாழ ஐந்து மாதங்களே வாழ்ந்தார். தனித்துறவியின் பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் வலிமை உடலில் இல்லை. ஆனால், தெருவில் வீழ்ந்து கிடந்த அந்நேரத்தைத் தம் வாழ்வின் பேரருளாகவே அவர் நண்பர்களுக்கு எழுதினார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார்.

பேசவியலாத நாள்களில்

அபிஷிக்தானந்தர் 1968இல் வடக்கே சென்றபின் சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்றவர், இங்கிலாந்தைச் சேர்ந்த தந்தை பீட் கிரிஃபித்ஸ். 1990 ஜனவரியில், தம் குடிலில் காலைத் தியானத்தில் இருந்தபோது அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது. அப்போது அவருக்கு வயது 83. பல நாள்கள் அவரால் பெரும்பாலும் பேச இயலவில்லை. ஆசிரமத்தார் இரவும் பகலும் அருகிருந்து பராமரித்தனர். அறிவால் இறைவனைத் தேடிப் பல நூல்கள் எழுதிய அவர், அந்நாள்களில் தாயன்பு போன்ற ஓர் அன்பு தம்மை முழுவதுமாக ஆட்கொண்டதாகப் பின்னர் கூறினார். உடல் தேறிய பின் மீண்டும் வெளிநாடுகளுக்கும் பயணம் செய்தார். 1993 மே மாதம் சாந்திவனத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

நோய் நல்லது என்று இவ்விருவரின் வாழ்விலிருந்து முடிவு செய்தல் தவறு. நோய் துன்பமே. நலம் பெற முயல்வதே முறை. ஆயினும், சொற்களும் சிந்தனையும் வலுவிழந்தபோது இறை உறவு அற்றுப்போகவில்லை. அது மேலும் எளிமையாயிற்று. உங்களால் இப்போது செபிக்க இயலவில்லை எனில், முன்பு சொல்லிய செபங்கள் வீணாகிவிடவில்லை. அவை உங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடத்தில் நீங்கள் இளைப்பாறலாம்.

கட்டிலில் இருந்தவாறே செய்யத்தக்க நான்கு பயிற்சிகள்

1. மூச்சோடு ஒரு சொல். எகிப்தின் பாலைநிலங்களில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவியர் குறுகிய மன்றாட்டுகளை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தனர். கீழைத் திருச்சபைகளில் இவ்வழக்கம் இயேசு செபமாக வளர்ந்தது. தந்தை பீட் கிரிஃபித்ஸ் பல்லாண்டுகள் கடைப்பிடித்ததும் இதுவே. 'இயேசுவே' என்றோ 'ஆண்டவரே, இரங்கும்' என்றோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மூச்சு உள்ளே வரும்போதும் வெளியே செல்லும்போதும் அதனை மனத்திற்குள் சொல்லுங்கள். மூச்சை அடக்கவோ நீட்டவோ வேண்டா. அது போகும் போக்கில் போகட்டும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றம் தரக்கூடும். அவர்கள் கையிலுள்ள சிலுவையின் தொடுகையிலோ மின்விசிறியின் ஒலியிலோ கவனத்தை வைத்து அச்சொல்லைச் சொல்லலாம்.

2. மெதுவான இறைவாசிப்பு. 12ஆம் நூற்றாண்டுத் துறவியான இரண்டாம் கைகோ, இதனை வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதியாக இளைப்பாறுதல் என நான்கு படிகளாக விளக்கினார். நோயுற்றவருக்கு ஒரு வசனமே போதும். திருப்பாடல்கள் 23, 121, 130, 139 ஆகியவற்றில் ஒன்றிலிருந்து துணையிருப்பவர் இரண்டு வரிகளை மெதுவாகப் படிக்கட்டும். மனத்தைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் நோயாளி பற்றிக்கொள்ளட்டும். நடுவில் உறங்கிவிட்டாலும் குறையில்லை.

3. நாளை மீளப் பார்த்தல். புனித இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து, பல மாதங்கள் படுக்கையில் கிடந்தவர். எந்த எண்ணங்கள் தமக்கு வறட்சியைத் தந்தன, எவை நீடித்த அமைதியைத் தந்தன என்பதை அவர் கவனிக்கத் தொடங்கியது அந்தப் படுக்கையில்தான். இரவு விளக்கை அணைத்தபின் ஐந்து நிமிடம் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். வலி சற்றுக் குறைந்த கணம், ஊசி போட்டவரின் கனிவான சொல், சூடான கஞ்சி என நன்றி சொல்லத்தக்க ஒன்றைக் கண்டறியுங்கள். அச்சமோ கோபமோ எழுந்த வேளையையும் மறைக்காமல் இறைவனிடம் காட்டுங்கள். நாளைய நாளை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

4. காத்திருக்கும் நேரத்தைச் செபமாக்குதல். டயாலிசிஸ் சிகிச்சை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடிக்கும். குளுக்கோஸ் இறங்கவும், ஸ்கேன் அறைக்கு முன்பும் காத்திருக்க வேண்டியுள்ளது. இந்நேரங்களில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை அமைதியாக நோக்குங்கள். சன்னல் வழியே மலை தெரிந்தால் மலையை நோக்குங்கள். பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் வலம்வருவோரின் காலடி ஒலி கேட்டால், நடப்பவர்களுக்காக ஒரு கணம் மன்றாடுங்கள். மனம் அலைந்தால் கடிந்துகொள்ளாமல் மெல்லத் திரும்பி வாருங்கள். அவ்வாறு திரும்பி வருவதே இப்பயிற்சி.

துணையிருப்போருக்கு

பாரிசு நகரத்துக் கார்மேல் மடத்தின் சமையலறையில் பணியாற்றியவர் சகோதரர் லாரன்ஸ் (1614–1691). முன்னாள் போர்வீரர், காயத்தால் காலில் ஊனம் உடையவர். அடுப்படி வேலையின் சந்தடிக்கு நடுவிலும் திருக்கோவிலில் இருப்பது போன்றே இறைவனோடு இருக்கலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். துணையிருப்போருக்கு அவரினும் பொருத்தமான வழிகாட்டி அரிது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, உடல் துடைப்பது, மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பது, வீட்டாருக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது ஆகிய ஒவ்வொன்றையும் தொடங்குமுன் ஒரு நொடி நின்று, 'இறைவா, உம்மோடு இதனைச் செய்கிறேன்' என்று நினையுங்கள். தனியே செபிக்க நேரமில்லையே என வருந்த வேண்டா.

எலியாவுக்கு வேண்டியிருந்த உணவும் உறக்கமும் உங்களுக்கும் வேண்டும். மற்றொருவரை அமர்த்திவிட்டு உறங்கச் செல்வது அன்பில் குறைவு ஆகாது.

கவனிக்க வேண்டியவை

செபம் மருந்துக்கு மாற்று அன்று. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். நீரிழிவு நோயாளிகளும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் இசைவின்றி நோன்பு இருத்தல் கூடாது. முழந்தாள்படியிடவோ நிமிர்ந்து அமரவோ இயலாதவர்கள் படுத்தவாறே செபிக்கலாம்.

'விசுவாசம் போதாததால்தான் நோய் தீரவில்லை' என்று நோயாளியிடம் ஒருபோதும் கூறாதீர்கள். அச்சொல் நோயைவிட ஆழமாகப் புண்படுத்தும். செபிக்கும்படி வற்புறுத்தவும் வேண்டா. இறைவன்மீது கோபத்தோடு புலம்புவதும் செபமே என்பதற்குத் திருப்பாடல்கள் பலவும் சான்று.

அமைதியில் இருக்கையில் பெரும் அச்சம் எழுந்தாலும், உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் பல நாள்கள் நீடித்தாலும், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலும், உடனே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். இவை சிகிச்சைக்கு உரியவை. இவற்றில் வெட்கப்பட ஏதுமில்லை. உங்கள் பங்குத் தந்தையையோ போதகரையோ வரவழைக்க விரும்பினால் அதனையும் செவிலியரிடம் தெரிவிக்கலாம்.

பிற சமயத்தைச் சேர்ந்த அன்பர்கள் தங்கள் உள்ளத்துக்கு உகந்த திருநாமத்தைக் கொண்டே இப்பயிற்சிகளைச் செய்யலாம்.

இன்றிரவே தொடங்க விரும்பினால் மூன்று மூச்சுகள் போதும். ஒவ்வொரு மூச்சிலும் ஒரு சொல். அதற்கும் வலிமை இல்லையெனில் கண்மூடிப் படுத்திருங்கள். உங்கள் கட்டிலருகே துணையிருப்பவர் நீங்கள் பேசுவதற்காகக் காத்திருப்பதில்லை, இறைவனும் அப்படியே.