சுவரின் வெப்பத்தடை

ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் வெயில் கடுமையாகிறது. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, பெங்களூர் போன்ற மிதவெப்ப ஊர்களில், பெரிய அலுவலகச் சுவரின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபடும்போது, 0.55 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்கிறது. சென்னை போன்ற ஊர்களுக்கு எல்லை 0.40.

கணக்கு எளியது. தடிப்பை மீட்டரில் எழுதி, பொருளின் வெப்பங்கடத்துதிறனால் வகுத்தால் வெப்பத்தடை கிடைக்கும். 23 செ.மீ. செங்கல்லை 0.81-ஆல் வகுக்க 0.28. இருபுறச் சிமென்ட் பூச்சு 3 செ.மீ.; அதற்கு 0.04. சுவரை ஒட்டிய காற்றுப் படலங்களுக்கு 0.17. ஆகக் கூடுதல் ஏறத்தாழ 0.50. அதன் தலைகீழ் 2; எல்லையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு!

0.55-க்கு வேண்டிய தடை 1.82, குறைவது 1.32. இதைச் செங்கல்லாலேயே ஈடுசெய்ய இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் அடுக்க வேண்டும். அது அலுவலகமன்று, கோட்டை மதில். கடத்துதிறன் 0.035 உள்ள தெர்மாகோல் தகடாயின் 4.6 செ.மீ. போதும். சென்னையின் எல்லைக்கோ 7 செ.மீ. தேவை.

ஓசூருக்கு எந்த எண்? மாநில எல்லையைப் பார்த்துச் சென்னையின் எண்ணை எடுப்பது வீண்செலவு என்பேன். பெங்களூரின் எண்ணைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோவது அதைவிடத் தவறு. தகட்டைக் கான்கிரீட் தூண்களின்மேலும் ஒட்டவேண்டும். விட்டுவிட்டால் வெப்பம் அவ்வழியே நுழைந்துவிடும்.