மடிக்கணினிக்குப் பொருந்தும் நினைவகம்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாய், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களின் எளிய மாணவர் கரங்களிலும் கணினி தவழலாயிற்று. அவற்றுள் பழையவை இன்று வேகம் குன்றிக் கிடக்கின்றன. புதியது வாங்க இயலாதோர், ‘ராம்’ எனப்படும் நினைவகத்தைப் பெருக்க முற்படுவது இயல்பே. பெற்றோரின் கூலிப்பணம் வீணாவதும் இங்கேதான்.

ஸ்லாட்டில் நுழைந்துவிட்டால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். மடிக்கணினிக்குரிய டிடிஆர்3 நினைவகத் தகட்டிற்கு 204 முனைகள், டிடிஆர்4க்கு 260. வெட்டுப்பள்ளமும் இடம் மாறியிருத்தலின் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஆகவே ஏமாற்றத்திற்கு இடமில்லை. ஆனால் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் உருவில் இரட்டையர்! முன்னதற்கு 1.5 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும், பின்னதற்கு 1.35 போதும். குறைந்த மின்னழுத்தம் மட்டுமே தரும் கணினியில் முன்னதைச் செருகினால், செம்மையாகப் பொருந்தும். திரையோ இருண்டே கிடக்கும். பின்னது பெரும்பாலும் இருவகைக் கணினியிலும் இயங்கும். ஐயமுள்ளோர் அதனையே கேட்டு வாங்குதல் நலம்.

தருமபுரிக்கோ சேலத்திற்கோ பேருந்து ஏறுமுன், பழைய தகட்டைக் கழற்றி, அதன் ஒட்டுத்தாளில் உள்ளதை எழுதிக்கொள்க. தகட்டையே கொண்டுசெல்லின் இன்னும் நன்று. பிசி3எல் என்றிருந்தால் அது டிடிஆர்3எல் வகை. இரு தகடுகளின் வேகம் வேறுபட்டால், இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். 32 பிட் விண்டோஸ் உள்ள கணினியில் 4 ஜிபிக்கு மேற்பட்டது பயன்தராது.

மெல்லிய புதுக் கணினிகள் பலவற்றில் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அத்தகையன வாங்குவோர், வேண்டிய அளவை அன்றே முடிவு செய்தாக வேண்டும்.